ஏன் விழுந்தேன்? ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கிய விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1877-இல் டோக்கியோவில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்துவந்த ஃபுகுடா ஹாச்சினோசுகே என்பவரின் சின்னப் பயிற்சி அறை. அவர் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையின் ஆசான். பதினேழு வயதுப் பையன் ஒருவனை அவர் தூக்கிப் போடுகிறார். பையன் எழுந்து கேட்கிறான்: "இதில் கையை எப்படி வைக்க வேண்டும்? காலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?" ஆசான் பதில் சொல்லவில்லை. "இங்கே வா" என்று கூப்பிட்டு மறுபடி தூக்கிப் போட்டார். பையன் மறுபடி கேட்டான். மறுபடியும் விழுந்தான். விளக்கம் கேட்டு வருகிற வித்தை இல்லை இது, போதுமான அளவு விழுந்தால் உடம்பே புரிந்துகொள்ளும் என்பது ஃபுகுடாவின் கொள்கை. அந்தப் பையன்தான் ஜிகோரோ கானோ. பின்னாளில் இந்த நிகழ்ச்சியைத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

ஃபுகுடா மோசமான ஆசிரியர் இல்லை. அவரைப் பற்றிக் கானோ கடைசிவரை மரியாதையாகவே பேசினார். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. ஜூடோ என்ற கலை பிறந்தது அந்தப் பதில் கிடைக்காத கேள்வியிலிருந்துதான் என்பது என் கருத்து. அன்று ஜப்பானில் ஜுஜுட்சு மரபுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரிய வீரர்கள் இருந்தார்கள், அபாரமான பிடிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று பெயரளவில் நிற்க, நாற்பது கிலோ எடையில் பயிற்சியைத் தொடங்கிய ஒரு மாணவனின் பாணி மட்டும் உலகம் முழுக்கப் போனது ஏன்? இந்த ஆய்வு அதைத்தான் பார்க்கிறது.

சாராய ஆலை வீட்டுப் பிள்ளை

ஜிகோரோ கானோ 1860-இல் கோபே நகருக்கு அருகே மிகாகே என்ற கடலோர ஊரில் பிறந்தார். அரிசியிலிருந்து சாக்கே மதுவைக் காய்ச்சும் வசதியான குடும்பம். சிறு வயதிலேயே தாய் இறந்துவிட, தந்தை டோக்கியோவுக்கு அழைத்து வந்தார். பையன் படிப்பில் கெட்டி, ஆங்கிலமும் நன்றாக வந்தது. உடம்புதான் இல்லை. உயரம் சுமார் 157 சென்டிமீட்டர், எடை 41 கிலோ அளவில். விடுதிப் பள்ளியில் பெரிய பையன்கள் அடித்தார்கள். சின்ன ஆள் பெரிய ஆளை வீழ்த்த ஜுஜுட்சு என்று ஒரு வித்தை இருக்கிறது என்று யாரோ சொன்னதும் அது மனதில் ஒட்டிக்கொண்டது.

கற்றுக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. 1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் சாமுராய் வகுப்பே கலைக்கப்பட்டது, 1876-இல் வாள் தரிப்பதும் தடை. பழைய போர்க்கலைகள் எல்லாம் போன காலத்துக் குப்பை என்று படித்தவர்கள் நினைத்தார்கள். ஆசான்கள் சிலர் காசு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு முன் சண்டை போட்டுக் காட்டினார்கள், சிலர் எலும்பு வைத்தியம் பார்த்தார்கள். ஆளை மடக்கத் தெரிந்தவருக்கு மூட்டைத் திருப்பிப் போடவும் தெரிந்திருந்தது. எனவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கானோ செய்த வேலை, தெருத் தெருவாக எலும்பு வைத்தியர்களின் பலகையைத் தேடியது. "உங்களுக்கு ஜுஜுட்சு தெரியுமா?" என்று உள்ளே போய்க் கேட்பார். அப்படி ஒருவர் கைகாட்டித்தான் ஃபுகுடாவிடம் வந்து சேர்ந்தார்.

அங்கே கற்றது தென்ஜின் ஷின்யோ மரபு: குத்து, கழுத்து நெரிப்பு, மடக்குப் பிடிகள் மிகுந்தது. உடம்பெல்லாம் காயம், களிம்பு. அந்தக் களிம்பு வாசனையை வைத்தே பல்கலைக்கழக நண்பர்கள் அவரைக் கேலி செய்தார்களாம். அவர் அப்போது போட்டிருந்த பயிற்சி மேல்சட்டை, தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட நிலையில், டோக்கியோ கோடோகான் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நூலகத்தில் கிடைத்த பிடி

ஃபுகுடாவின் கூடத்தில் ஃபுகுஷிமா என்றொரு கனத்த ஆள் இருந்தார். கானோ என்ன செய்தும் அவரை அசைக்க முடியவில்லை. ஜுஜுட்சுவில் வழி கிடைக்காதபோது வேறு இடத்தில் தேடினார். முதலில் சுமோ மல்யுத்தக்காரர்களின் உத்திகளைக் கேட்டு முயன்றார், பலிக்கவில்லை. அப்புறம் நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய புத்தகங்களைப் புரட்டினார். எதிராளியின் தொடைகளுக்கு நடுவே கைவிட்டு, தோள்மேல் குறுக்காகத் தூக்கி, மறுபக்கம் உருட்டிவிடும் பிடி ஒன்று கண்ணில் பட்டது. நண்பர்களோடு ஒத்திகை பார்த்துவிட்டு வந்து ஃபுகுஷிமாவைத் தூக்கிப் போட்டார். அந்தப் பிடி இன்று 'கதா குருமா' என்ற பெயரில் ஜூடோவில் இருக்கிறது.

எனக்கு இந்த நிகழ்ச்சி அவருடைய மற்ற வெற்றிகளைவிடப் பெரியதாகத் தெரிகிறது. ஒரு மரபுக்குள் இருப்பவன், 'என் மரபில் இதற்குப் பதில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறதா பார்ப்போம்' என்று போவதற்குத் துணிச்சல் வேண்டும். அதுவும் அந்நிய நாட்டுப் புத்தகத்துக்கு.

1879 ஆகஸ்டில், ஜப்பானுக்கு வந்திருந்த அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்ட் முன்னால் ஃபுகுடாவின் குழு ஜுஜுட்சு செய்து காட்டியது. கானோவும் அதில் இருந்தார். சில நாட்களிலேயே ஃபுகுடா காலமானார். அதே மரபின் மூத்த ஆசான் ஈசோ மசடோமோவிடம் கானோ போனார். 1881-இல் அவரும் இறந்துவிட்டார். மூன்றாவதாகக் கிடைத்தவர் கிட்டோ மரபைச் சேர்ந்த இய்குபோ சுனேடோஷி. இவருடைய பலம் தூக்கி எறிதல். இரண்டு மரபுகள், மூன்று ஆசான்கள். ஒன்றில் இருந்த ஓட்டை மற்றதில் அடைபட்டது.

ஒரு நாள் இய்குபோவோடு பயிற்சி. வழக்கமாகக் கானோதான் விழுவார். அன்றைக்கு ஆசானை அவர் தொடர்ந்து வீழ்த்தினார். இய்குபோ வியந்துபோய்க் கேட்டபோது கானோ சொன்ன பதில்தான் ஜூடோவின் மையம்: ஆளைத் தூக்குவதற்கு முன் அவருடைய நிலையைக் குலைத்துவிட வேண்டும். இழுத்தால் தள்ளுவார், தள்ளினால் இழுப்பார், அந்த ஒரு கணத்தில் அவர் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோனால் வலிமை தேவையில்லை. இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை என்றார் இய்குபோ. 1883-இல் மரபின் சான்றுச் சுருளையும் கொடுத்துவிட்டார்.

நிலைகுலைத்தல், ஜப்பானிய மொழியில் குசுஷி. புத்தகத்தில் படித்தால் இது ஒரு வரி. நான் ஜூடோ பழகிய முதல் வருடம் முழுக்க எனக்கு அந்த வரி புரியவில்லை. எதிரே நிற்பவரின் வலது கைச்சட்டையை இடது கையால் பிடித்திருப்போம், வலது கை அவர் காலரில். நான் முரட்டுத்தனமாக இழுப்பேன், அவர் தூண் மாதிரி நிற்பார். ஒரு நாள் பயிற்சியாளர், "கையைப் பார்க்காதே, அவருடைய குதிகாலைப் பார்" என்றார். கைச்சட்டையை மெல்ல மேலாகவும் என் பக்கமாகவும் கொண்டுவந்தபோது, பாயிலிருந்து அந்தக் குதிகால் ஒரு விரல்கடை எழும்புவதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இடுப்பைத் திருப்பி நுழைந்ததும் எண்பது கிலோ ஆள் என் முதுகின்மேல் உருண்டு போனது எனக்கே நம்ப முடியவில்லை. ஃபுகுடா சொல்லாத பதில் அந்த விரல்கடை இடைவெளியில் இருந்தது. கானோ அதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆயிற்று. எனக்கு ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது.

பன்னிரண்டு பாய்

1882. கானோவுக்கு இருபத்தொரு வயது. படிப்பு முடிந்து கக்குஷுயின் என்ற உயர்குடிப் பள்ளியில் ஆசிரியர். டோக்கியோவின் ஷிட்டாயா பகுதியில் எய்ஷோஜி என்ற புத்த கோயிலில் அறைகளை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் தன் கூடத்தைத் தொடங்கினார். பெயர் கோடோகான், அதாவது 'வழியை ஆராயும் இடம்'. முதல் வருடம் பதிவேட்டில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். ஆட்கள் விழுகிற அதிர்ச்சியில் தரைக்கு அடியில் இருந்த மரச்சட்டங்கள் ஒடிந்துபோகும். கானோவே விளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கடியில் ஊர்ந்துபோய் முட்டுக்கொடுப்பார். மேலே நினைவுப் பலகைகள் ஆடுகின்றன என்று கோயில் குருக்கள் புலம்புவார். தங்கிப் படித்த மாணவர்களுக்குச் சோறும் துணியும் கானோவின் செலவு. பணம் போதாமல் இரவில் மொழிபெயர்ப்பு வேலை செய்தார்.

'ஜூடோ' என்ற சொல்லையும் அவர் புதிதாக உண்டாக்கவில்லை. ஜிக்கிஷின் என்ற பழைய மரபு அந்தச் சொல்லை முன்பே வைத்திருந்தது, அதைக் கானோவும் ஒப்புக்கொண்டார். பிடிகள் பழையவை, சொல் பழையது. அப்படியானால் அவர் நிறுவியது என்ன?

முதலில், விழக் கற்றுக்கொடுத்தார். பாயைக் கையால் அறைந்து அதிர்ச்சியைப் பரப்பும் உக்கேமி பயிற்சிதான் புதியவருக்கு முதல் பாடம். பயமில்லாமல் விழத் தெரிந்தவன்தான் பயமில்லாமல் பழக முடியும். அடுத்து, குத்து, உதை, ஆபத்தான பிடிகளை வடிவப் பயிற்சியான கட்டாவுக்குள் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வைத்து முழு வேகத்தில் மோதிப் பழகும் ரந்தோரியை அன்றாடப் பயிற்சியின் நடுவில் வைத்தார். கொல்லும் வித்தையை நடிப்பாகத்தான் பழக முடியும், கொல்லாத வித்தையை உண்மையாகவே தினமும் பழகலாம். இந்த ஒரு முடிவால் அவருடைய மாணவர்கள் மற்றக் கூடங்களில் இருந்தவர்களைவிட வேகமாக வளர்ந்தார்கள். பலவீனமான பிடி பிடிக்கிறவனை ரந்தோரி அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் தரவரிசை. பழைய மரபுகளில் ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடையே பல வருடங்கள் போகும், ஆசானின் மனதைப் பொறுத்தது. கானோ, கோ என்ற பலகை விளையாட்டில் இருந்த 'டான்' என்ற படிநிலை வரிசையைக் கொண்டுவந்தார். 1883-இல் தொமிடா சுனேஜிரோ, சாய்கோ ஷிரோ இருவருக்கும் முதல் டான். இன்று கராத்தே வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் 'என்ன பெல்ட் வாங்கினாய்' என்று பிள்ளையைக் கேட்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. கறுப்பு பெல்ட் கோடோகானிலிருந்து கிளம்பியது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஜூடோ கற்பிக்க நான்கு வழிகள் என்றார் கானோ. கட்டா, ரந்தோரி, விரிவுரை, நான்காவது 'மோண்டோ': கேள்வி பதில். மாணவன் கேட்கலாம், ஆசிரியர் விளக்க வேண்டும். ஃபுகுடாவின் அறையில் கேட்டதற்காகத் தூக்கிப் போடப்பட்ட பையன், தன் கூடத்தில் கேள்வியைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டான்.

ஆனால் எல்லாவற்றையும் அவர் திறந்துவிட்டார் என்று சொல்வதும் மிகைதான். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள், அனுமதியில்லாமல் கற்றதை வெளியே காட்டவோ சொல்லித்தரவோ மாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்துத்தான் சேர்ந்தார்கள். பழைய வீட்டின் கதவை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தார்.

கைமாறாத பிடி ஒன்று

சாய்கோ ஷிரோவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஐசு பகுதியிலிருந்து வந்தவர், குள்ளம், கோடோகானின் தொடக்கக் கால வெற்றிகளில் பெரும்பங்கு அவருடையது. 'யமா அராஷி', மலைப்புயல் என்ற பிடி அவர் கையில் யாராலும் தாங்க முடியாததாக இருந்தது. கானோ ஐரோப்பாவில் இருந்த சமயம், 1890 வாக்கில், சாய்கோ கோடோகானை விட்டே போய்விட்டார். பிறகு நாகசாகியில் பத்திரிகை வேலை செய்தார். 1922-இல் அவர் இறந்தபின் கானோ ஆறாம் டான் கொடுத்துக் கௌரவித்தார். யமா அராஷி ஜூடோவின் பிடிப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. ஆனால் போட்டியில் அதைப் பார்ப்பது அபூர்வம். சாய்கோ செய்தது போல வேறு யாருக்கும் கைவரவில்லை.

வீரனாகப் பார்த்தால் சாய்கோ தன் ஆசிரியரைவிடப் பெரியவராக இருந்திருக்கலாம். அவருடைய திறமை அவரோடு போனது. கானோவின் திறமை, தன்னைவிட்டுக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்கக்கூடிய வடிவத்தில் இருந்தது. 1895-இல் எறிதல் பிடிகளை ஐந்து தொகுப்பாக வரிசைப்படுத்தினார்கள். 1920-இல் அதைத் திருத்தி, தொகுப்புக்கு எட்டாக நாற்பது பிடிகள் ஆக்கினார்கள். எளியது முதலில், கடினமானது பின்னால். இது ஒரு வாத்தியார் செய்கிற வேலை.

அவர் தொழிலும் அதுதான். குமமோட்டோவில் ஐந்தாம் உயர்பள்ளியின் முதல்வர், பிறகு டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேல் முதல்வர். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய பள்ளியில் பின்னாளில் பெரும் எழுத்தாளரான லூ சுன் படித்தார். 1909-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் கானோ. 1912-இல் ஸ்டாக்ஹோமுக்கு ஜப்பான் முதல்முறையாக அணி அனுப்பியபோது கூடவே போனார். அணியில் வீரர்கள் இரண்டே பேர்.

1891-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பலில் நடந்தது இது. பருத்த ரஷ்யக் கடற்படை அதிகாரி ஒருவர் அவரைச் சீண்ட, இருவரும் மோதினார்கள். கானோ அவரைத் தூக்கிப் போட்டார், போடும்போதே ஆள் தலைகுப்புற விழுந்து அடிபடாமல் தாங்கியும் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்த பயணிகள் ஆளை வீழ்த்தியதைவிட இந்தத் தாங்கலைத்தான் மெச்சினார்கள். ஜூடோ வகுப்பில் எறிகிறவர் எதிராளியின் கைச்சட்டையை விடக்கூடாது என்று சொல்லித் தருவது இதே காரணத்துக்குத்தான். கடைசி நொடியில் அதை மேலே இழுத்துப் பிடித்தால் விழுகிறவரின் தலை பாயில் மோதாது.

கூடத்தைத் தாண்டி

1922-இல் தன் பாணியின் சாரத்தை இரண்டு வாசகங்களில் வைத்தார்: 'ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்து', 'நீயும் பிறரும் சேர்ந்து செழியுங்கள்'. அதே வருடம் ஒகினாவாவிலிருந்து வந்த கிச்சின் ஃபுனாகோஷியைக் கோடோகானில் கராத்தே செய்துகாட்ட அழைத்தார். கராத்தேக்காரர்கள் வெள்ளைச் சீருடையையும் டான் வரிசையையும் ஜூடோவிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். 1930-இல் மொரிஹே உவேஷிபாவின் கலையைப் பார்த்து வியந்து, தன் மாணவர்களையே அவரிடம் படிக்க அனுப்பினார். அந்தக் கலைதான் பின்னர் ஐகிடோ ஆனது. தன் பாணிக்குப் போட்டியாக வரக்கூடியதை ஒரு நிறுவனர் இப்படி வரவேற்பது சாதாரணம் இல்லை.

மாணவர்கள் கடல் கடந்தார்கள். யமாஷிதா யோஷிட்சுகு அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே ஜூடோ சொல்லிக்கொடுத்தார். மயேதா மிட்சுயோ பிரேசிலுக்குப் போய் கிரேசி என்ற குடும்பத்துப் பையன் ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்தது, பிரேசிலிய ஜியு ஜிட்சு என்ற தனிக் கலையாக வளர்ந்தது. 1929-இல் தாகூரின் அழைப்பில் தககாகி ஷின்சோ சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்தார். பன்னிரண்டு பாயில் தொடங்கிய கோடோகான் 1934-இல் ஐந்நூறு பாய்களுக்கு மேல் கொண்ட கட்டடத்துக்கு மாறியது.

ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்ப்பதில் மட்டும் அவருக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர ஓயாமல் அலைந்தவர் அவரே. ஆனால் ஜூடோ வெறும் விளையாட்டு இல்லை, அது வாழ்க்கைக்கான கொள்கை என்று 1936-இலும் எழுதினார். 1938-இல் கெய்ரோவில் ஒலிம்பிக் குழுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு ஹிகாவா மாரு கப்பலில் திரும்பும்போது, யோகோஹாமா சேர இரண்டு நாள் இருக்கையில், மே 4 அன்று நிமோனியாவில் இறந்தார். இரண்டே மாதத்தில் ஜப்பான் 1940 ஒலிம்பிக்கைக் கைவிட்டது.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்ந்தது. எடைப் பிரிவு இல்லாத இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் அன்டன் ஹேசிங்க் ஜப்பானின் கமினாகாவை வென்றபோது அரங்கமே உறைந்தது. நெதர்லாந்து ரசிகர்கள் பாயை நோக்கி ஓடிவர, ஹேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். எதிராளிக்கு வணக்கம் சொல்லி முடிக்கும்வரை போட்டி முடியவில்லை.

ஒரு குறை

பெண்களுக்கு 1890-களிலேயே கானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், 1926-இல் கோடோகானில் பெண்கள் பிரிவு வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனாலும் ஆண்கள் ஏறிய படிகள் பெண்களுக்கு வைக்கப்படவில்லை. அவருக்குப் பிறகு வந்த நிர்வாகம் அதைப் பல பத்தாண்டுகள் அப்படியே விட்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ முறையாகச் சேர்ந்தது 1992-இல்தான். கேள்வி கேட்க இடம் கொடுத்த கூடம் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மிகத் தாமதமாகப் பதில் சொன்னது.

அந்தத் தாமதத்தைத் தன் உடம்பில் சுமந்தவர் ஃபுகுடா கெய்கோ. எலும்பு வைத்தியர் ஃபுகுடாவின் பேத்தி. தன் முதல் ஆசானின் நினைவாகக் கானோ நேரில் அழைத்து, 1935-இல் அவர் கோடோகானில் சேர்ந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். ஐந்தாம் டானுக்கு மேல் பெண்களுக்குக் கிடையாது என்பதால் வருடக்கணக்கில் அங்கேயே நின்றார், 1972-இல்தான் ஆறாவது வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் குடியேறி, தொண்ணூறைத் தாண்டியும் வகுப்பு நடத்தினார். 2011-இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் டான் அளித்தது. தாத்தாவின் அறையில் கானோ கேட்ட கேள்விக்கான பதிலை, கையை எங்கே வைப்பது, காலை எப்படித் திருப்புவது என்று, அவர் அமெரிக்கப் பெண்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.